அஸ்கா காட்டிய ஜெர்மனி

ஜெர்மனிக்குப் போய்வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் பெர்லின் சுவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறார்களாமே, பார்த்தீர்களா? இல்லை. ரைன் நதியில் படகில் போனீர்களா? அதுவும் இல்லை. அப்படியானால் ஒன்றரை மாதம் அங்கே என்னதான் பார்த்தீர்கள்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததில் பெரும்பகுதி ஒரு கறுப்பு நாயின் பின்பக்கம். அதற்கு முன்னால் காடு, மேடு, படிக்கட்டு, ரயில், இறைச்சிக்கடை எல்லாம் இருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் பார்த்தேன்.

நாயின் பெயர் அஸ்கா. எங்கள் ஊர்ப்பக்கம் அஸ்கா என்றால் வெள்ளைச் சர்க்கரை. இதுவோ அடுப்புக்கரி நிறம். வளர்ப்பவன் யோகநாதன், திருச்சியில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரன். படிப்பு முடிந்து ஊருக்குப் போனான். ஊர் எரிந்தபோது ஓடி, பெர்லின் பக்கம் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். முகாம் முகாமாக இருந்து, கடைசியில் வுப்பர்டாலில் சுத்தியலும் குறடும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். "வா மச்சான், வா மச்சான்" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். திருநெல்வேலி மின்வாரிய அலுவலகத்தில் எனக்கு விடுப்பு மலைபோலச் சேர்ந்து கிடந்தது. ஒருவழியாக ஓர் அக்டோபரில் போய் இறங்கினேன்.

ரயில் நிலையத்தில் கைத்தடியோடு நின்றான். கட்டிப்பிடித்துக்கொண்ட கையோடு சொன்னான். "மச்சான், கோவிக்காதை. முழங்கால் ஒப்பரேஷனுக்கு டெர்மின் தந்திட்டாங்கள். நாளைக்கு. ஆரோ வரேல்லையாம், அந்த இடத்தை எனக்குத் தந்தவங்கள். விட ஏலாது. விட்டால் இனி அடுத்த வருசம்தான்."

டெர்மின் என்றால் முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் நேரம். அந்நாட்டில் அது முகூர்த்தம் மாதிரி. தாலி கட்டுகிறவன் தவறவிட்டாலும் விடுவான், டெர்மின் வாங்கியவன் தவறவிட மாட்டான். மருத்துவமனை முடிந்ததும் நடை பழக்குகிற ஓர் இல்லத்தில் மூன்று வாரம் இருக்க வேண்டுமாம். அதை ரேஹா என்கிறார்கள். ஆக, ஜெர்மனி முழுவதையும் காட்டுவதாகச் சொன்னவன் மறுநாளே கட்டிலில் ஏறிவிட்டான்.

"உனக்கு நாயெண்டால் பயமோ?" என்றான்.

"கடிக்கிற நாய்னா பயம்தான்."

"கடிக்க மாட்டாள். இழுப்பாள்."

இழுத்தாள். அதாவது, அது இழுத்தது. யோகனும் அவன் மனைவி மாலதியும் 'அவள்' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அப்போது வாயில் வரவில்லை.

மாலதி ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குப் போகிறவள். விடியுமுன் கிளம்பிவிடுவாள். வெளியூரில் படிக்கிற மகள் பண்டிகைக்குத்தான் வருவாள். வீட்டில் மிச்சம் இருந்தது நானும் அஸ்காவும்தான். "காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. அவ்வளவுதான்" என்று கழுத்துவாரையும் ஒரு கட்டு பிளாஸ்டிக் பையையும் கொடுத்தாள். பை எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். நாய் தெருவில் இருந்துவைத்தால் கூடப் போகிறவன் அள்ள வேண்டுமாம்.

நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று யார் சொல்லிவைத்தார்களோ, அஸ்காவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆடு மேய்க்கிற சாதியும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த பிறவி. வுப்பர்டால் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் ஏறிப்போகிற ஊர். பல இடங்களில் தெருவுக்குப் பதிலாகப் படிக்கட்டுத்தான் இருக்கிறது. மின்வாரிய நாற்காலிக்கடியிலேயே இருந்து பழகிய என் கால்கள் முதல் காலையிலேயே கதறிவிட்டன. நான் பாதிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அஸ்கா மேலேயிருந்து திரும்பி ஒரு பார்வை பார்க்கும். வரி பாக்கி வைத்தவனைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

மனைவிக்குப் போன் போட்டேன். "நாய் மேய்க்கவா ஜெர்மனிக்குப் போனீங்க?" என்றாள்.

"நான் எங்கே மேய்க்கேன்? அதுதான் என்னை மேய்க்குது" என்றேன்.

பை விஷயத்தில்தான் என் தன்மானம் கடுமையாக அடிபட்டது. யாராவது திருநெல்வேலிக்காரன் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் முதல்முறை குனிந்தேன். எதிர்ப்புறம் கோட்டும் டையுமாக, தோலாலான கைப்பெட்டியோடு ஒருவர் அதே மாதிரி குனிந்துகொண்டிருந்தார். அவருடையது கன்றுக்குட்டி அளவு நாய், பையும் அதற்கேற்ற பை. நிமிர்ந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொன்னார். அலுவலகத்தில் சக அதிகாரிக்குச் சொல்கிற அதே மரியாதை. அன்றோடு என் கூச்சம் போயிற்று. தெரு ஏன் அப்படித் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது என்பதும் புரிந்தது. அங்கே அரசாங்கம் மட்டும் பெருக்குவதில்லை, கைப்பெட்டிக்காரரும் குனிகிறார்.

நாய் வைத்திருப்பதற்கு வரி உண்டு. கழுத்தில் அதற்கான தகடு தொங்கும். பெரிய நாய் என்றால் வளர்க்கிறவன் நாய்களைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். யோகன் தேறியிருக்கிறான். கல்லூரியில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன், இதைச் சொந்தமாக எழுதியிருக்கிறான் என்று மாலதியிடம் சொன்னேன்.

தனியாகக் கடைக்குப் போன அன்று என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாயோடு போனால் தெருவே பேசுகிறது. என்ன வயது, என்ன இனம், எங்கே கிடைத்தாள், என்ன சாப்பிடுவாள்? எல்லாம் அஸ்காவைப் பற்றித்தான். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றரை மாதம் நான் அந்த ஊரில் 'அஸ்காவோடு வருகிற ஆள்' என்ற பதவியில்தான் இருந்தேன். எனக்கு அது பிடித்துமிருந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தொங்கும் ரயிலில் ஏறினேன். ஆற்றுக்கு மேலே இரும்புக் கால்கள் நட்டு, அதில் ரயிலைத் தலைகீழாக மாட்டிவிட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது, வாத்து நீந்துகிறது. இதைக் கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். எங்கள் ஊரில் ஆற்றுக்குமேல் ஒரு பாலம் கட்ட எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே, வளைவில் வண்டி ஊஞ்சலாடும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அஸ்கா என் காலடியில் பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தது. திடீரென்று ஒரு நிறுத்தத்தில் எழுந்து இழுத்தது. எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதில் எனக்கே சந்தேகம் இருந்ததால், நாய்க்கு வீடு தெரியும் என்று நம்பி இறங்கிவிட்டேன்.

அது என்னைக் கூட்டிக்கொண்டு போனது இறைச்சிக்கடைக்கு. வாசலில் நாய் படம் வரைந்து, 'நாங்கள் வெளியே காத்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வாரை மாட்டக் கொக்கி. அஸ்கா கொக்கிக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட அம்மாள் ஒரு வட்டத் துண்டு சாசேஜோடு வந்தார். அஸ்காவுக்கு ஊட்டினார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "இவளுடைய சாரதி எங்கே?" என்று கேட்டார். யோகனைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். "ஓ" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உள்ளே போய் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தார். வீடு அங்கிருந்து நான்கு நிறுத்தம் தள்ளி இருந்தது.

அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது மாலதி புட்டுக் குழலில் மாவு நிரப்பிக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். பக்டரியை மூடி வேறை நாட்டுக்குக் கொண்டு போட்டாங்கள். அண்டைக்குப் படுத்தவர்தான். ஒரு வருசம் அண்ணை. குளிப்பில்லை, கதையில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருப்பார். டொக்டர் மருந்து தந்தவர், அதாலையும் ஒண்டும் நடக்கேல்லை. மகள் படிக்கப் போகேக்குள்ளை, நாய்க் காப்பகத்திலையிருந்து இவளைக் கொண்டந்து விட்டிட்டுப் போட்டாள். எனக்குச் சரியான கோவம். நான் இருட்டோடை வேலைக்குப் போயிடுவன், இவள் கதவடியிலை இருந்து குளறுவாள். மூண்டாம் நாள் நான் வேலையாலை வாறன், வீட்டிலை ஒருத்தரையும் காணேல்லை. பயந்துபோனன். சன்னலாலை பாத்தால், கீழை றோட்டிலை சாரத்தோடை, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, நாயோடை நிக்கிறார்."

அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னாள். "இவளுக்கு ஒண்டு நடந்தால் அவர் திரும்பவும் படுத்திடுவார். அது மட்டும்தான் எனக்குப் பயம். இவளை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ."

சுற்றுலாப் பயணியாக வந்தவனிடம் ஒரு வீட்டின் உயிரைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

அதற்குப் பிறகுதான் யோகனின் சாயங்காலத் தொலைபேசிக்கு அர்த்தம் புரிந்தது. தினமும் கூப்பிடுவான். என்னிடம் இரண்டு வார்த்தை, மாலதியிடம் நாலு வார்த்தை. பிறகு, "அவளிட்டைக் குடு" என்பான். மாலதி தொலைபேசியை நாயின் காதில் வைப்பாள். அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்லச் சொல்ல, அஸ்கா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்கும். கடைசியில் ஒரு குரைப்பு. அதற்குப் பிறகுதான் அவன் வைப்பான்.

நகரத்துக்குத் தெற்கே, பேருந்து போய்த் திரும்புகிற இடத்திலிருந்து காடு தொடங்குகிறது. காட்டோரம் ஒரு பெரிய புல்வெளி. நாய்களை வாரையில்லாமல் விடலாம் என்று பலகை போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் கட்ட வேண்டும், எந்த இடத்தில் அவிழ்க்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே விதி உண்டு. விதி உள்ள இடத்தில் எல்லோரும் அதன்படி நடப்பதுதான் ஆச்சரியம். அங்கேதான் எனக்கும் அஸ்காவுக்கும் சண்டை வந்தது. தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "அஸ்கா, வா!" என்று கையை நீட்டி, நாம் எல்லோரும் கூப்பிடுவதுபோல விரல்களைக் கீழ்நோக்கி ஆட்டிக் கூப்பிடுவேன். உடனே அப்படியே தரையில் படுத்துக்கொள்ளும். இன்னும் வேகமாக ஆட்டுவேன். முகவாயையும் தரையில் வைத்து ஒட்டிக்கொள்ளும். நானே நடந்துபோய் வாரையை மாட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும். என்ன திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் இதை ஒரு பெண்மணி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். கையில் குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்ட் நாய் ஒன்று. பெயர் ஃப்ராவ் ப்ரிங்க்மான் என்று பிறகு தெரிந்தது. ஃப்ராவ் என்றால் திருமதி. பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

"ஐயா, பாவம் அந்த நாய். எவ்வளவு நேரம் அதைப் படுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்?" என்றார்.

"நான் எங்கே படுக்கச் சொன்னேன்? வரச் சொல்கிறேன்."

அவர் தன் கையை என்னைப்போலவே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்திக் காட்டினார். நாய்ப் பள்ளிக்கூடத்தில் இதுதான் 'படு' என்பதற்குச் சைகையாம். கூப்பிட வேண்டுமென்றால் உள்ளங்கை மேலே இருக்க வேண்டும், அல்லது தொடையைத் தட்ட வேண்டும். தட்டினேன். அஸ்கா அம்பு மாதிரி வந்து என் முழங்காலில் மோதியது. இத்தனை நாளும் நான் 'படு, படு' என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் சொன்னபடி படுத்திருக்கிறது. திமிர் பிடித்தவன் யார் என்று புரிந்ததும் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொடுத்தேன். மாலதியிடம் சொன்னபோது, "இவருக்கும் முதலிலை உதுதான் அண்ணை. கை கேக்காது. ஒரு மாசம் பழகினவர்" என்றாள். நானும் பழகினேன். படுக்கையில்கூட உள்ளங்கையை மேலே வைத்துப் பழகினேன்.

ஃப்ராவ் ப்ரிங்க்மானும் நானும் அதன்பிறகு பல பிற்பகல்களில் சேர்ந்து நடந்தோம். மழை வந்தால் காட்டுக்குள் இருக்கும் ஒரு உணவு விடுதிக்குள் ஒதுங்குவோம். முதல்முறை போனபோது பரிமாறும் பெண் இரண்டு கிண்ணம் தண்ணீர் கொண்டுவந்து நாய்களுக்கு வைத்துவிட்டு, பிறகுதான் எங்களுக்கு வணக்கமே சொன்னாள். எனக்கும் தண்ணீர் கேட்டேன். புட்டியில் வந்தது, அதற்குக் காசு. நாய்க்கு வைத்தது இலவசம். இந்த ஏற்பாட்டின் நியாயத்தை ஃப்ராவ் ப்ரிங்க்மானால்கூட விளக்க முடியவில்லை. வாஃபிள் என்று கட்டம் கட்டமாகச் சுட்ட ஒரு வட்ட அப்பம், மேலே சூடான செர்ரிப் பழம், கூடவே பாலில் குழைத்த அரிசியில் பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவி ஒரு கிண்ணம். வாயில் வைத்ததும் நம்முடைய சர்க்கரைப் பொங்கலின் தூரத்துச் சித்தி மகள் என்று தெரிந்துகொண்டேன். மேசைக்கடியில் நான்கைந்து நாய்கள் கிடந்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் மனிதர்களிடம்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

வழியில் வேலிக் கம்பில் ஒரு ஒற்றைக் கையுறை செருகியிருந்தது. யாரோ தவறவிட்டதை யாரோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்தும் அங்கேயே இருந்தது. இந்த ஊர் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

யோகன் வீடு திரும்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று பிற்பகல் மழை விட்டு வெயில் அடித்தது. பீச் மரங்களின் இலைகள் எல்லாம் செம்பு நிறம். காட்டுப்பாதையில் அஸ்காவை அவிழ்த்துவிட்டிருந்தேன். பாதையை விட்டு விலகாது, தொடையைத் தட்டினால் வரும், எனக்கும் பெருமை தாங்கவில்லை. அப்போது இருபது முப்பது அடி முன்னால் ஒரு மான் பாதையைத் தாண்டியது.

அஸ்கா ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தது. என்ன செய்யட்டும் என்று கேட்டது என்றே சொல்வேன். அந்த ஒரு கணத்தில் நான் என் பிறவிப் பழக்கத்தின்படி கையைக் கீழ்நோக்கி ஆட்டியிருந்தால் அங்கேயே படுத்திருக்கும். ஆனால் நான்தான் பாடம் படித்தவனாயிற்றே! உள்ளங்கையை மேலே வைத்து, "வா, வா" என்று கத்தினேன். வா என்பதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்பதை அது தீர்மானித்துக்கொண்டது. செம்பு இலைகளுக்குள் ஒரு கறுப்புக் கோடு போயிற்று. பிறகு சத்தம்கூட இல்லை.

கத்தினேன். ஓடினேன். முள்ளில் விழுந்தேன். தொண்டை கட்டியபின் பாதைக்குத் திரும்பி வந்தபோது ஃப்ராவ் ப்ரிங்க்மான் டாக்ஸ்ஹுண்டோடு வந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார். வனக்காவலருக்கு ஒன்று, விலங்குக் காப்பகத்துக்கு ஒன்று, காவல்துறைக்கு ஒன்று. மான் பின்னால் ஓடும் நாயை வேட்டைக்காரர் சுடலாம் என்று சட்டம் உண்டாம், அதனால் வனக்காவலருக்கு முதலில். பதறாமல், குரல் உயராமல் பேசினார்.

"இனி தேடாதீர்கள்," என்றார். "நீங்கள் இடம் மாறினால் அவளுக்குக் குழப்பம். ஓடிய நாய் பிரிந்த இடத்துக்குத்தான் திரும்பி வரும். அவள் எங்கிருந்து ஓடினாள்? அங்கே உங்கள் கோட்டைக் கழற்றிப் போடுங்கள். மணம் இருந்தால் அதன்மேல் படுத்துக் காத்திருப்பாள். இங்கே நாய் வளர்க்கிற எல்லோரும் அப்படித்தான் செய்வோம்."

"இது என்னுடையதல்ல. அவளை வளர்க்கிறவனுடையது. குளிருக்கு இரவல் வாங்கினேன்."

"அப்படியானால் இன்னும் நல்லது."

தேடாமல் இருப்பது எப்படி? ஆடு காணாமல் போனாலே ஊரைக் கூட்டித் தேடுகிறவர்கள் நாம். நல்ல கம்பளிக் கோட்டை நடுக்காட்டில் போட்டுவிட்டு வருவதும் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் அந்த ஊரில் கோட்டைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் கோட்டை விரித்துப் போட்டேன். இருட்டும்வரை அங்கேயே நின்றேன். ஃப்ராவ் ப்ரிங்க்மான் தன் கழுத்துத் துணியை என் தோளில் சுற்றிவிட்டு, கையைப் பிடித்துப் பேருந்துக்குக் கூட்டிவந்தார்.

மாலதி திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தொலைபேசி அடித்தது.

"சொல்ல வேண்டாம் அண்ணை," என்று சொல்லிவிட்டு எடுத்தாள். "ஓம், சாப்பிட்டாச்சு... ஓம், அண்ணையும்தான்... அவள் படுத்திட்டாள். இண்டைக்குக் கனக்க நடந்தவள்."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவளிட்டைக் குடு. மாலதி தொலைபேசியைப் பிடித்தபடி வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கினேன்.

"யோகா, அஸ்கா காட்டுக்குள்ள ஓடிட்டுப்பா. என்னாலதான்."

"கோட்டு விட்டிட்டு வந்தனியோ?" என்றான்.

"விட்டுட்டுத்தான் வந்தேன். பெஞ்சுகிட்ட."

"சரி." வைத்துவிட்டான்.

அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவேயில்லை. மாலதி திரும்ப எடுத்துப் பேச முயன்றாள், அவன் எடுக்கவில்லை. "திரும்பவும் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருப்பார்," என்றாள். ஜெர்மனிக்கு வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

மறுநாள் மாலதி வேலைக்குப் போகவில்லை. முதல் பேருந்தில் இரண்டு பேரும் போனோம். மூடுபனி எங்கள் கால்களைக்கூட மறைத்தது. பாதை வளைவில் பெஞ்சு தெரிந்தபோது அதில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு கால் நேராக நீட்டியிருந்தது. இரண்டு ஊன்றுகோல்கள் பெஞ்சில் சாய்ந்திருந்தன. கோட்டு தரையில் அப்படியே கிடந்தது, ஈரமாக, வெறுமையாக.

மாலதி ஓடினாள். "உங்களுக்கு அறிவிருக்கோ? இந்தக் குளிருக்கை, இந்தக் காலோடை! எப்ப வந்தனீங்கள்?"

"இருட்டோடை டாக்ஸியிலை வந்திட்டன். சத்தம் போடாதையும், அவள் வந்தால் வெருண்டுபோவாள்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இரு மச்சான்" என்று பெஞ்சில் இடம் விட்டான். மாலதி உட்காரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு நின்று அழுதாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீர் ஏன் அழுகிறீர் எண்டு எனக்குத் தெரியும். அவள் வராட்டி நான் திரும்பப் படுத்திடுவன் எண்டுதானே? படுக்க மாட்டன். ராத்திரி கட்டிலிலை கிடந்து பாத்தனான், ஏலேல்லை. எழும்பித்தான் வந்தனான். அவள் வராட்டியும் நாளைக்குக் காலமை எழும்பி நடப்பன்." பிறகு காட்டுப்பக்கம் திரும்பிக்கொண்டான். "வருவாள்."

மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாலதி பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரை அதன் ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தோம். பனி கலையத் தொடங்கியது.

இலைச் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு அவள் வந்தாள். காது ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது. வயிறு முழுக்கச் சேறு, வாலில் ஒட்டுமுள். பாய்ந்து மேலே விழுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்களைப் பார்க்கவே இல்லை. நேராகக் கோட்டுக்குப் போனாள், மோந்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், படுத்துக்கொண்டாள். வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற ஒரு பெருமூச்சு. கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது, யார் பார்த்தால் என்ன?

மாலதி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் தொடையைத் தட்டினேன். மாலதி எடுத்துவந்திருந்த சாசேஜைக் காட்டினோம். அசையவில்லை. ஒரு நாய் அவ்வளவு களைத்துப் போயிருந்து நான் பார்த்ததில்லை.

யோகன் கூப்பிடவே இல்லை. ஊன்றுகோல்களை எடுத்தான். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான். திரும்பிப் பார்க்காமல் பேருந்துப் பக்கம் நடக்கத் தொடங்கினான். அஸ்கா தலையைத் தூக்கினாள். அவன் நாலு எட்டு வைத்ததும் எழுந்து, நொண்டிக்கொண்டே போய் அவன் நல்ல காலோரம் சேர்ந்துகொண்டாள்.

"ரேஹாவிலை சொல்லிட்டோ வந்தனீங்கள்?" என்று பின்னாலிருந்து மாலதி கேட்டாள்.

"இல்லை."

"ஐயோ, இப்ப அங்கை உங்களை எல்லா இடமும் தேடுவாங்களே!"

யோகன் நிற்கவில்லை. "தேட வேண்டாம் எண்டு சொல்லும்," என்றான். "கட்டிலிலை ஒரு கோட்டைப் போட்டிட்டு இருக்கச் சொல்லும்."